கானாற்றில் ஒரு வரிசை

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு நாற்றம் வந்து சட்டையைப் பிடித்தது. சுண்ணாம்பும் ஈரத்தோலும் ஊறிய மரப்பட்டையும் சேர்ந்த நாற்றம். என்னோடு இறங்கிய பட்டணத்து ஆசாமி கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நின்றுவிட்டேன். கண்ணை மூடினால் தைப்பிங்குக்கு வெளியே எங்கள் ரப்பர் தோட்டம், பால் கொட்டகை வாசல், ஆசிட் ஊற்றி உறையவைத்த ரப்பர் பாலின் புளித்த வாடை. அம்மா வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வரும்போது அவள் புடவையில் அதுதான் இருக்கும். கடல் தாண்டி இங்கே வந்தால் அதற்கு ஒரு ஒன்றுவிட்ட தங்கை. சோறு போடுகிற நாற்றங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம் போலிருக்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. ஈப்போவில் நான் வேலை பார்த்த செருப்புக் கடை முதலாளி, இந்த முறை தோலை நீயே நேரில் பார்த்து எடுத்துவிட்டு வா என்று அனுப்பியிருந்தார். தோலைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஊர் சுற்றக் கிடைத்தால் நான் விடமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். இந்த வயதுக்கும் ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத கால் எனக்கு.

ஷாப் என்று அங்கே சொல்கிற தோல் பதனிடும் ஆலையில் எனக்காகத் தோல் பார்த்துக் கொடுத்தவர் தேவநேசன். தோலைத் தரம் பிரிக்கிற ஆளை அங்கே அசார்ட்டர் என்கிறார்கள். மற்ற அசார்ட்டர்கள் விரலால் தடவி, கட்டைவிரலால் அழுத்தி, ஒதுக்கிக்கொண்டே போனார்கள். தேவநேசன் ஒவ்வொரு தோலையும் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தூங்குகிற குழந்தையை மோந்து பார்க்கிற மாதிரி இருந்தது. நான் கவிதை எழுதுகிறவன். உடனே மனசுக்குள் ஒரு வரி எழுதிக்கொண்டேன். காரணம் வேறு என்று மறுநாள்தான் தெரிந்தது.

மத்தியானம் ஓட்டலில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். கூட ஒரு கத்திரிக்காய் வைத்தார்கள், எண்ணெயில் கரைந்து, புளித்து, கறியையே மறக்கடிக்கிற கத்திரிக்காய். சாப்பிடும்போது ஆறு எங்கே என்று கேட்டேன். பாலாறு என்ற பெயரைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், அதைப் பார்க்காமல் போகக்கூடாது என்றேன். பஸ்ஸில் வரும்போது தாண்டி வந்தீங்களே, பாக்கலியா என்றார். நான் பார்த்தது ஒரு மைதானம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அவர் வீட்டுக்கு வரச் சொன்னார். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துக் கிராமத்தில். ஜபார் பாயின் ஜட்கா வண்டியில் கிளம்பினோம். ஆற்றுக்குள் இறங்கியதும் சக்கரம் மணலில் புதைந்தது. குதிரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மடங்கி உட்கார்ந்துவிட்டது. பாய் சாட்டையை எடுக்கவில்லை. இறங்கி அதன் காதருகே குனிந்து உருதுவில் ஏதோ நீளமாகப் பேசினார். தேவநேசன் எனக்கு மொழிபெயர்த்தார்: "நீ எங்க மாமனார் மாதிரியே இருக்கிற. எங்க தோணுதோ அங்க உக்காந்துக்குவே, சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்துப்பே, அப்படின்னு சொல்றாரு."

குதிரை எழுந்திருக்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் நடந்தோம்.

எங்கள் தைப்பிங்கில் தினம் சாயங்காலம் மழை. இன்றைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டுவார்கள். ஆறு என்றால் கலங்கி, முட்டி மோதி, பாலத்தை உலுக்கிக்கொண்டு ஓடுவது. இங்கே ஆறு அகலமாக மல்லாந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். ஷாப்புகளுக்குக் கீழே இருந்த குட்டைகளில் மட்டும் தண்ணீர் நின்றது, கருஞ்சிவப்பாக, பட்டைச் சாயத்தோடு. அதில் ஒரு தவளைகூட இல்லை.

இந்த ஆற்றில் உங்களுக்கு மீனே கிடைக்காதே என்றேன். பாய் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த வருஷம் மழை ஜாஸ்தியாம். மலையிலிருந்து வரும் காட்டாற்றைக் கானாறு என்கிறார்கள். ஏரி நிரம்பி வழிந்து கானாற்றில் தண்ணீர் போயிருக்கிறது. ஏரி மீனெல்லாம் தண்ணீரோடு இறங்கி வந்து, வெள்ளம் வடிந்ததும் மடுக்களில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் இடுப்புக்கு இறங்கட்டும் என்று ஊர் காத்திருந்தது. நாளைக்குத்தான் அந்த நாள். நாள் குறித்தது ஜபார் பாய்.

அதைச் சொல்லும்போது தேவநேசன் மணலைப் பார்த்தபடி வந்தார்.

வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கியது, ஒரு முனை கிழிந்து. அவர் மனைவி கிரேஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் களியை மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மெல்லக் கூடாதுண்ணா. கொழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும். பல்லுக்கு வேலயில்ல" என்றாள். பல்லுக்கு வேலையில்லாத சாப்பாட்டை அன்றைக்குத்தான் கற்றேன். மூன்றாவது உருண்டை தானாகவே இறங்கியது.

சாயங்காலம் அவள் ஒரு பேசின் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தாள். அவர் வலது கையை அதில் ஊறப்போட்டார். பிறகு அவள் அதைத் துடைத்து, வெளிச்சத்தில் புரட்டி, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்த்து, எண்ணெய் தடவினாள். மோதிர விரலில் நுனி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மறைக்க ஒன்றுமில்லை என்பது போல அவரே சொன்னார். இளவயதில் தொழுநோய் வந்திருக்கிறது. மாத்திரையில் நோய் போய்விட்டது. மடங்கிப்போன விரல்களை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து நீட்டிவிட்டார்கள். கை எழுதுகிறது, பிடிக்கிறது, ஸ்டியரிங்கூட வளைக்கிறது. உணர்ச்சி மட்டும் அந்தக் கைக்கு வரவில்லை. சூடு தெரியாது, முள் தெரியாது. கண்ணால் பார்க்காத இடத்தில் கையை வைக்காதே என்பது அங்கே சொல்லி அனுப்பிய சட்டம். தோலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அதனால்தான். என் கவிதை வரியை அங்கேயே மனசுக்குள் அடித்துவிட்டேன்.

எங்கள் நாட்டில் இந்த நோய்க்காரர்களை ஊருக்கு வெளியே வேலிக்குள் வைத்திருந்த காலம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். "இங்கயும் வேலிதான் சார்" என்றார் அவர். "கம்பி இல்ல. அவ்வளவுதான்." யாரும் தள்ளி வைக்கவில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆனால் மடுவில் இறங்குகிற அன்றைக்கு, தேவா நீ கூடையைப் பாத்துக்க என்பார்களாம். எப்போதும் கரை. எப்போதும் கூடை.

"காரணம் இல்லாமயா சொல்றாங்க?" என்றாள் கிரேஸ்.

காரணம் இருந்தது. இதற்கு முன் கானாற்றில் தண்ணீர் வந்த வருஷம் அவர் யாரையும் கேட்காமல் இறங்கியிருக்கிறார். கூடை நிறைய மீனோடு பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார். உள்ளங்கையில் ஒரு கெளுத்தி முள் ஆணி மாதிரி நின்றுகொண்டிருந்ததை அவள்தான் பார்த்தாள். புண் வைத்து, சீழ் வைத்து, விரல் நுனி போனது. நாளைக்கு மறுபடியும் இறங்க வேண்டும் என்று இப்போது நிற்கிறார்.

நான் கெட்டிக்காரத்தனமாக, தோல் ஊரில் இருந்துகொண்டு ஒரு கையுறை தைத்துப் போட்டுக்கொண்டால் என்ன என்றேன். உள்ளே ஒரு மணல் பருக்கை போனால் போதும், நாள் முழுக்க அது அறுத்தாலும் இந்தக் கைக்குத் தெரியாது என்றாள் அவள். அதற்கு மேல் அவர்கள் சண்டை எனக்குப் புரியக்கூடாது என்று தணிந்த குரலில் போட்டார்கள். முழுக்கப் புரிந்தது. மீன் இல்லாமல் செத்துப் போயிடுவீங்களா என்று அவள் கேட்டாள். மீன் யாருக்கு வேணும் என்று அவர் சொன்னார். படுக்கப் போகும்போதும் அவள் பதில் "வேணாம்"தான்.

விடிந்ததும் ஊரே கானாற்றுக்கு நடந்தது. ஒரு தூண்டில் கிடையாது. தூண்டில் போடுகிறவனை அங்கே வேலையில்லாதவன் என்பார்கள் போலிருக்கிறது. எங்கள் தோட்டத்து ஓடையில் தூபா வேரை நசுக்கிக் கரைப்போம், மீன் மயங்கி மிதக்கும். அதைச் சொன்னபோது ஒரு பெரியவர் முகம் சுளித்தார். மயங்கிக் கெடக்கிறதப் பொறுக்கறதுக்குப் பேரு மீன் பிடிக்கிறதா என்றார். தண்ணீர் வழிகிற வாயில் மூங்கில் பறியைச் சாய்த்து வைத்திருந்தார்கள், உள்ளே போன மீன் திரும்ப முடியாத கூண்டு. ஆழமில்லாத இடத்தில் ஊத்தா. மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. அதைச் சேற்றில் குத்தி, மேல்வாயில் கையை விட்டுத் துழாவுகிறார்கள். இரண்டு பெண்கள் பழைய புடவையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பொடி மீனை வாரினார்கள்.

பெரிய மடுவுக்கு மட்டும் சட்டம் வேறு. அதில் கூடையும் கூடாது, வலையும் கூடாது. ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் ஆட்கள் தோளோடு தோள் நிற்பார்கள். குனிந்து, இரண்டு கையையும் தண்ணீருக்கடியில் வீசித் துழாவிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்வார்கள். ஒவ்வொரு வீச்சிலும் உன் விரல் பக்கத்து ஆளின் விரலைத் தொட வேண்டும். தொட்டால் வேலி. தொடாவிட்டால் ஓட்டை. கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வரிசையே விரல் நுனிகளால் கட்டினது. யார் பக்கம் மீன் தப்புகிறதோ அவர் அன்றைக்கு எல்லார் மீனுக்கும் செதில் உரச வேண்டும், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கிண்டல் பண்ணுவார்கள். கிண்டலுக்காகவே வருகிறவர்கள் உண்டு என்றார் பாய்.

என்னையும் இறங்கச் சொன்னார்கள். வேட்டியை மடித்துக் கட்டினேன். பாய் வழக்கம்போல, "தேவா, கூடைய நீ பாத்துக்க" என்றார்.

தேவநேசன் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டிருந்தார். "இந்த வாட்டி நான் எறங்கறேன் பாய்" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். அவரைப் பார்க்கவில்லை. கிரேஸைப் பார்த்தார்கள். அவருக்கான உத்தரவு அவள் முகத்தில் எழுதியிருப்பது மாதிரி. அவர் காது சிவந்தது. லுங்கி முடிச்சில் இருந்த கை அப்படியே நின்றது.

கிரேஸ் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கரையில் ஓரமாக வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் அங்கே நிற்கிறார்கள், டீச்சர் முழங்கால் தெரிய மடுவில் இறங்கியதை யாரும் முன்னே பார்த்ததில்லை. வரிசையில் அவருக்கு வலப்பக்கம் போய் நின்றாள். "வலது கையக் குடுங்க" என்றாள்.

கொடுத்தார். அதைத் தன் இடது கையால் பிடித்து, தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் அவருக்கு இடப்பக்கம். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது, அடியில் சேறு வெதுவெதுப்பாக இருந்தது. நகர்ந்தோம். ஒவ்வொரு வீச்சிலும் அவருடைய இடது கை விரல்கள் வந்து என் விரல்களைத் தொட்டன. தொட்டன, போயின, மறுபடி தொட்டன. வளர்ந்த மனிதர் யாரும் என் விரலை இவ்வளவு நேரம் தேடித்தேடித் தொட்டதில்லை. கணுக்காலில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. நான் துள்ளினேன். "பாம்பு இல்ல சார், கெண்டை" என்றார் அவர். அவருக்குத் தொடையிலேயே தெரிந்தது. நான் பிடித்ததெல்லாம் சேறு. அவர் ஒற்றைக் கையால் மீனை அமுக்கி, மார்போடு அணைத்துத் தூக்கிக் கரைக்கு எறிந்தார். எறிவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. முந்தின நாள் என் கவிதை வரி அடி வாங்கினது போதும்.

மடுவின் கோடி நெருங்கியது. மீன்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆனது. அப்போது ஒரு விரால், முழங்கை நீளம் இருக்கும், வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வேலி இல்லாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தது. அவருக்கும் அவளுக்கும் நடுவில் தண்ணீருக்கடியில் கையே கிடையாது, இரண்டு கையும் மேலே கோத்துக்கொண்டிருந்தன. புடவைக் கொசுவத்தை உரசிக்கொண்டு போய்விட்டது. பின்னால் ஒரு வால் அடித்த சத்தம் மட்டும் கேட்டது.

சற்று முன்தான் மறு முனையில் ஒருவன் ஒரு கெண்டையை விட்டதற்கு அவன் வம்சத்தையே இழுத்திருந்தார்கள். இப்போது ஊர் முழுக்க இருமலை அடக்குகிற மாதிரி நின்றது. ஒரு அம்மாள், போனா போவுது, பரவால்ல என்று மெதுவாகச் சொன்னாள். தண்ணீருக்கடியில் அவருடைய விரல்கள் என்னைத் தேடி வருவது நின்றுவிட்டது. கூடையும் கரையும் எழுந்து தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். கரைப்பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"நில்லு" என்றார் ஜபார் பாய். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னா டீச்சரம்மா, ஊரு மானத்தயே வாங்கிட்டீங்க. நாங்க மீன் புடிக்க வந்தா நீங்க ரெண்டு பேரும் கைகோத்துக்கினு கல்யாண ஊர்வலம் போறீங்க. விராலு நடுவுல பூந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போய்ட்டான். டேய் தேவா, எங்க ஓடற? செதில் ஒரசறது யாரு, உங்க மாமனாரா?"

யாரோ முதலில் மூக்கால் சிரித்தார்கள். பிறகு உடைந்தது. மடு முழுக்கச் சிரிப்பு. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், பாதியை நான் எழுத முடியாது. தேவநேசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். நிமிர்ந்தபோது சிரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "ஒரசறேன் பாய். எல்லாத்தயும் கொண்டாங்க" என்றார்.

பாறைமேல் உட்கார்ந்து இரண்டு பேரும் உரசினார்கள். அவள் ஒவ்வொரு மீனையும் முதலில் வாங்கிப் பார்த்தாள். கெளுத்தி என்றால் முள்ளை ஒடித்தாள். பிறகுதான் அவர் கைக்குப் போனது. அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துப் பார்த்து, சாம்பலைத் தொட்டுக் கல்லில் தேய்த்தார். மெதுவாகத்தான் நடந்தது. வெயில் ஏறியது, ஊர் பசியோடு காத்திருந்தது, இவர்கள் வேகம் போதாது என்று கிண்டல் பண்ணியது. நான் எழுந்து உதவப் போனேன். பாய் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். வேறு யாரும் எழவில்லை. அன்றைக்கு அந்த ஊர் அவருக்குச் செய்த மரியாதை அதுதான்.

கடைசி மீன் முடிந்ததும் கிரேஸ் அவர் கையைக் கழுவிப் புரட்டினாள். கட்டைவிரல் அடியில் ஒரு கீறல். சின்னதுதான், நானாக இருந்தால் பார்த்திருக்கவே மாட்டேன். எந்த முள், எந்தக் கல், எப்போது என்று அவருக்குத் தெரியாது. அவள் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். வீட்டில் விரால் இல்லாத குழம்பு வைத்தாள், அடுத்த வீடுகளுக்குக் கொடுத்தாள், எனக்கு நிறையப் போட்டாள். அவரோடு மட்டும் பேசவில்லை. அவர் களியை முழுங்கிக்கொண்டே அவள் முகத்தைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார். ஆனால் எழுந்து தண்ணீர் எடுக்கப் போகும்போது ஏதோ முணுமுணுப்பாகப் பாடினார். அது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

மறுநாள் காலை மூன்று பேரும் பாசஞ்சர் ரயிலில் ஏறினோம். நான் அரக்கோணம் தாண்டிப் போகிறவன். அவர்கள் காட்பாடியில் இறங்கி ஆஸ்பத்திரியில் கீறலைக் காட்டப் போகிறார்கள். குடியாத்தத்தில் லுங்கி மூட்டைகளோடு ஏறிய நெசவாளிகள் எங்களை ஜன்னலோடு நசுக்கினார்கள். வெளியே பாலாறு கூடவே வந்துகொண்டிருந்தது, அதே வெள்ளை மணல். அதற்கு அப்பால் கானாற்றில் எங்கேயோ, எங்களை ஏமாற்றிய விரால் ஒரு மடுவில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் வற்றுவதற்குள் இன்னொரு மழை வர வேண்டும் அதற்கு.

காட்பாடியில் தேவநேசன் கட்டுப் போட்ட கையை உயர்த்தி எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, என் கூஜாவை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். கிரேஸ் ஜன்னலோரம் நின்றாள். முந்தின நாளிலிருந்து கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன்: அடுத்த மழைக்கு அவர் மறுபடி கேட்டால் என்ன சொல்லுவாய்? அவள் குழாயடியைப் பார்த்தாள். அவர் இடது கையால் குழாயைத் திறந்து, கூஜாவைக் கண்ணெடுக்காமல் பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவர் ஓடிவந்து கூஜாவை உள்ளே நீட்டினார். அவளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு கூட நடந்தாள்.

"வேணாம்னுதாண்ணா சொல்லுவேன். சொல்லிட்டு, கூட எறங்குவேன்."